தோட்டத்துக்கும் வரும் இணையம்: வெளிப்புற வைஃபை ரேடியோவை நாமே அமைப்பது எப்படி?

கூடலூர் என்றதும் நீலகிரிக்குப் போய்விடாதீங்க. நாம் பேசப்போவது தேனி மாவட்டத்துக் கூடலூர். கம்பம் தாண்டி, குமுளி மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால் வரும் ஊர். முல்லைப் பெரியாறு தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி வயலுக்கு ஓடும் பகுதி. திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு, நெல் வயல், அதற்கு அப்பால் மலை.

ஊருக்குள் ஃபைபர் இணைப்பு எடுத்த வீட்டில் இணையத்துக்குக் குறையில்லை. அதே போனை எடுத்துக்கொண்டு மலையடிவாரத் தோட்டத்துக்குப் போனால் கதையே வேறு. ஒரு கட்டம் சிக்னல் காட்டும், பக்கம் திறக்காது. சில இடங்களில் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும், மறுநிமிடம் அதுவும் போய்விடும். சிட்டா பதிவிறக்கவும், உழவன் செயலியில் விலை பார்க்கவும், பிள்ளைகள் பாடம் கேட்கவும், தோட்டத்துக் கேமராவைப் பார்க்கவும் மறுபடி ஊருக்குள் வரவேண்டியிருக்கிறது. அரசுச் சேவைகள் எல்லாம் போனுக்கு வந்துவிட்ட காலத்தில், போனுக்கு இணையம் வராத இடத்தில் இருப்பவர் வரிசையில் பின்னால் நிற்கிறார் என்றுதான் அர்த்தம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டு மொட்டை மாடியில் ஒரு வெளிப்புற வைஃபை ரேடியோ, தோட்டத்து வீட்டின் மேல் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றால், நடுவில் கேபிள் இல்லாமலே வீட்டு இணையம் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். கருவியை வாங்கி மாட்டுகிறவர்கள் நிறைய பேர். ஆனால், பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டிவிட்டு, "வேகமே இல்லை, அடிக்கடி கட் ஆகுது" என்று கைவிடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் பழுது கருவியில் இருப்பதில்லை. ஏழு அடிப்படை அமைப்புகளைச் சரியாகப் போட்டால் போதும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தேனி முன்பே செய்து காட்டியது

இந்த வித்தை நம் மாவட்டத்துக்குப் புதிது அல்ல. 2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமக் கண் பரிசோதனை மையங்களை இப்படித்தான் இணைத்தது. உடன் வேலை செய்தவர்கள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள். கிராம மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோ வழியாக நோயாளியிடம் பேசுவார். தேவைப்பட்டவர் மட்டும் மருத்துவமனைக்குப் பயணம் செய்தால் போதும்.

அந்த ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட கட்டுரை அந்த வலைப்பின்னலை விவரிக்கிறது. ஐந்து மையங்கள், ஒன்பது ரேடியோ இணைப்புகள். மிகச் சிறிய இணைப்பு 1 கிலோமீட்டர், ஆண்டிபட்டிக்குப் போன மிக நீளமான இணைப்பு 15 கிலோமீட்டர். சில ரேடியோக்கள் டவரில் இருந்தன. சில மொட்டை மாடிக் கம்பத்தில். ஒன்று ஒரு நூற்பாலை வளாகத்துப் புகைபோக்கியிலேயே மாட்டப்பட்டிருந்தது!

அவர்களுக்குப் பெரிய தலைவலி கொடுத்தவை இரண்டு. ஒன்று, சாதாரண வைஃபையின் அமைப்பு அறைக்குள் இருக்கும் தூரத்துக்கானது, கிலோமீட்டர் கணக்குக்கு அல்ல. இரண்டாவது, ரேடியோவைவிட அதற்குப் போகும் மின்சாரம்தான் அதிகம் காலை வாரியது. இன்றைக்கு நீங்கள் கடையில் வாங்கும் ஜோடி ரேடியோவுக்கும் இந்த இரண்டு பாடமும் அப்படியே பொருந்தும்.

வாங்குவதற்கு முன்: ஒன்றுக்கு ஒன்று தெரிகிறதா?

முதல் கேள்வி தூரம் அல்ல, பார்வை. மொட்டை மாடியில் நின்றால் தோட்டத்து வீட்டுக் கூரை தெரிகிறதா? இரவில் அங்கே ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லிப் பாருங்க. வெளிச்சம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தூரத்தைப் போன் வரைபடத்திலேயே அளந்துகொள்ளலாம்.

வெளிச்சம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதையும் கவனிங்க. ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரி ஒற்றைக் கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் ஒடுங்கும் வெள்ளரிக்காய் வடிவத்தில் பரவிப் போகும். 2 கிலோமீட்டர் தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், நடுவழியில் அந்தக் காயின் பாதி அகலம் சுமார் 5 மீட்டர். அதில் உள்பக்கத்து 3 மீட்டராவது சுத்தமாக இருக்க வேண்டும். பார்வைக் கோட்டுக்கு ஒரு மீட்டர் கீழே தென்னை மட்டை ஆடிக்கொண்டிருந்தால், கண்ணுக்கு வழி தெரியும், ரேடியோவுக்கு இடைஞ்சல்தான்.

நம் பள்ளத்தாக்கில் இது முக்கியம். திராட்சைப் பந்தல் உயரம் குறைவு, அது வழியில் குறுக்கிடாது. ஆனால் பந்தல் கம்பி உலோகம். அதனால் தோட்டத்து முனையில் ரேடியோவைப் பந்தலுக்கு மேல் நன்றாக உயர்த்தி மாட்டணும். தென்னந்தோப்பு நடுவில் இருந்தால், கம்பத்தை உயர்த்துங்க, இல்லாவிட்டால் தோப்பை விலக்கிக்கொண்டு பார்க்கக்கூடிய இன்னொரு கூரையைத் தேடுங்க. இன்றைக்குக் குட்டையாக இருக்கும் தென்னங்கன்று நாலைந்து வருஷத்தில் வழியை மறைக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கோங்க.

அனுமதி வேண்டுமா?

பலர் கேட்கும் கேள்வி இது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005 ஜனவரியிலேயே மத்திய அரசு உரிம விலக்கு அளித்தது. 5 கிகாஹெர்ட்ஸில் 5150 முதல் 5350 வரை, 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதிகளுக்கு 2018 அக்டோபரில் விலக்கு வந்தது. ஆகவே சொந்த வீட்டையும் சொந்தத் தோட்டத்தையும் இணைக்கத் தனி அலைவரிசை உரிமம் தேவையில்லை. அதற்காக நிபந்தனையே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

வெளிவிடும் சக்திக்கு வரம்பு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில், ஆன்டெனா குவிப்பதையும் சேர்த்து, அது 4 வாட். கருவி இந்தியாவின் உபகரண வகை ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். பில்லோடு, ஒப்புதல் பெற்றதா என்று கேட்டு வாங்குங்க. இந்த அலைவரிசை எல்லோருக்கும் பொது. நாம் பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது. பிறரால் நமக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பு கேட்கவும் முடியாது.

பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் காசு வாங்கிக்கொண்டு இணைப்பு கொடுக்கலாமா? வீட்டு இணைப்பை அப்படி விற்க முடியாது. பொதுமக்களுக்கு வைஃபை தர விரும்பினால், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டம் இருக்கிறது. அதில் பொது டேட்டா மையமாகச் சேரும் சிறு கடைக்காரருக்கு உரிமமும் பதிவுக் கட்டணமும் கிடையாது.

இன்னொன்று, மின்வாரியக் கம்பத்தில் ரேடியோ மாட்டவே கூடாது. வனத்துறை நிலத்தில் கம்பம் நடக்கூடாது. நமக்கு மேற்கிலும் கிழக்கிலும் காப்புக்காடு இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேஜை மேல் வைத்தே அமையுங்க

இரண்டு ரேடியோவையும் மாடிக்கு ஏற்றுவதற்கு முன், வீட்டுக்குள்ளேயே அமைத்துச் சோதித்துவிடுங்க. ஏணியில் நின்றுகொண்டு கடவுச்சொல் தட்டுவது ஆபத்து. இரண்டையும் அருகருகே வைக்காமல் சில மீட்டர் தள்ளி வைங்க. சக்தியையும் குறைவாகப் போடுங்க. மிகக் கிட்டத்தில் முழுச் சக்தி போனால் ஒன்றின் சத்தத்தில் இன்னொன்றுக்குக் காது அடைத்துப் போகும்.

ரேடியோவுக்குத் தனி மின்வயர் கிடையாது. அதோடு வரும் பிஓஇ அடாப்டர்தான் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும். அடாப்டரில் இரண்டு துளை இருக்கும். "பிஓஇ" என்று எழுதியிருப்பது ரேடியோவுக்கு, "லேன்" என்று எழுதியிருப்பது ரவுட்டருக்கு. மாற்றிச் செருகினால் ரவுட்டரோ கணினியோ கெட்டுப்போகலாம். ஒரு கம்பெனி அடாப்டரை இன்னொரு கம்பெனி ரேடியோவுக்குப் போடவும் வேண்டாம்.

இனி ரேடியோவின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கணும். ஒவ்வொரு கருவிக்கும் தொடக்க முகவரி ஒன்று உண்டு. யுபிக்விட்டிக்கு 192.168.1.20, டிபி-லிங்க் வெளிப்புற ரேடியோவுக்கு 192.168.0.254, மைக்ரோடிக்குக்கு 192.168.88.1. பெட்டிக்குள் வரும் தாளிலும் ஸ்டிக்கரிலும் இது இருக்கும்.

கணினி இல்லையா? போனே போதும். அடாப்டரின் லேன் துளையை வீட்டு ரவுட்டரில் செருகுங்க. போனை அதே ரவுட்டரின் வைஃபையில் சேருங்க. போனின் வைஃபை அமைப்பில் ஐபி என்ற இடத்தில் "தானியங்கி" என்பதை "நிலையான" என்று மாற்றி, ரேடியோவின் வரிசையில் ஓர் எண்ணைக் கொடுங்க. ரேடியோ 192.168.1.20 என்றால் போனுக்கு 192.168.1.50. இப்போது பிரவுசரில் ரேடியோ முகவரியைத் தட்டினால் பக்கம் திறக்கும். அந்த நேரத்தில் போனில் இணையம் ஓடாமல் போகலாம், பயப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் மறக்காமல் "தானியங்கி"க்குத் திரும்புங்க.

ஏழு அமைப்புகள்

1. நாடு. உள்ளே நுழைந்ததும் கருவி முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். "இந்தியா" என்று தேர்ந்தெடுங்க. அதிகச் சக்தி கிடைக்கும் என்று வேறு நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் தரும் வீடியோக்கள் உண்டு. கேட்காதீங்க. நாட்டைச் சரியாகப் போட்டால்தான் நமக்கு அனுமதிக்கப்பட்ட சேனல்களுக்குள் கருவி நிற்கும்.

2. வேலை முறை. ஜோடியில் ஒன்று கொடுக்கும், இன்னொன்று வாங்கும். வீட்டு முனை "அக்சஸ் பாயின்ட்". தோட்டத்து முனை "ஸ்டேஷன்", சில கருவிகளில் "கிளையன்ட்". இரண்டையும் "பிரிட்ஜ்" முறையில் வைங்க. பிரிட்ஜ் என்றால் நடுவில் பாலம் மட்டும். தோட்டத்துப் போன் வீட்டு ரவுட்டரிலேயே நேராகச் சேர்ந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு முனையையும் அக்சஸ் பாயின்ட் ஆக்கிவிட்டுச் சேரவில்லையே என்று தவிப்பவர்கள் உண்டு. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தால் யார் கேட்பது?

3. பெயரும் பூட்டும். இணைப்பின் பெயர் இரண்டு முனையிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கணும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் கணக்கு. பெயரில் வீட்டு எண், ஆள் பெயர், "திராட்சைத் தோட்டம்" என்று இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சொல் வேண்டாம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, கருவியில் இருந்தால் டபிள்யூபிஏ3. கடவுச்சொல் 12 எழுத்துக்குக் குறையாமல்.

இதோடு சேர்ந்த இன்னொரு பூட்டு, அமைப்புப் பக்கத்தின் நுழைவுச்சொல். கம்பெனி கொடுத்த தொடக்கச் சொல்லை உலகத்துக்கே தெரியும். அதை அன்றைக்கே மாற்றுங்க. கருவியின் மென்பொருளையும் புதுப்பியுங்க. 2016 மே மாதம் யுபிக்விட்டி ரேடியோக்களை ஒரு தீநிரல் பல நாடுகளில் தாக்கியது. சிக்கியவை பழைய மென்பொருளோடு ஓடியவை. ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அதற்கு முந்தைய ஆண்டிலேயே வந்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

4. சேனல். எந்தப் பாதையில் பேசுவது என்பது இது. அமைப்புப் பக்கத்தில் "சர்வே" அல்லது "ஸ்பெக்ட்ரம்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அக்கம்பக்கத்தில் யார் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று தெரியும். காலியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்க. ஊருக்குள் வீட்டு வைஃபைகள் 2.4-ல் நெரிசலாக இருக்கும் என்பதால், இந்த வேலைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கருவியே நல்லது. அதிலும் 5250 முதல் 5725 வரை உள்ள சேனல்கள் பலவற்றில் கருவி முதலில் ரேடார் இருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்கும். ரேடார் சத்தம் கேட்டால் விலகிப்போகும். அதனால் இணைப்பு திடீரென்று அறுந்து திரும்ப வரலாம். 5745-லிருந்து மேலே உள்ள சேனல்களில் இந்தத் தொல்லை இல்லை.

5. சேனல் அகலம். 20, 40, 80 என்று எண்கள் இருக்கும். அகலம் கூடினால் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் அகலம் இரட்டிப்பானால் காதில் விழும் இரைச்சலும் இரட்டிப்பாகும், அண்டை இணைப்புகளோடு மோதும் வாய்ப்பும் கூடும். முதலில் 20-ல் வைங்க. வீடியோ பார்க்க, படிவம் நிரப்ப, கேமரா ஓட அது தாராளம். இணைப்பு சில வாரம் உறுதியாக நின்ற பிறகு, தேவை இருந்தால் 40 முயற்சி பண்ணுங்க.

6. சக்தி. இதை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். 20 டிபிஎம் என்றால் 100 மில்லிவாட். 3 கூடினால் சக்தி இரண்டு மடங்கு. 23 என்றால் 200 மில்லிவாட். நேரெதிர் கருவியைப் பார்த்து 13 டிபிஐ குவிக்கும் ஆன்டெனா அந்த 100 மில்லிவாட்டை அந்தத் திசையில் 2 வாட் அளவுக்குக் காட்டும். ஆகவே ஆன்டெனாவின் குவிப்பு எண்ணைக் கேட்கும் இடத்தில் சரியாகப் போடுங்க, குறைத்துப் போட்டால் வரம்பை மீறிவிடுவீங்க. சக்தியை முழுக்கத் திருகி வைப்பது உதவாது. ஒரு முனை கத்தினால் மறுமுனைக்குக் கேட்கும், ஆனால் மறுமுனையின் பதில் இங்கே கேட்கணுமே! கூடவே, அடுத்த தெருவில் இதே மாதிரி இணைப்பு வைத்திருப்பவரின் பாதையையும் கெடுப்போம்.

7. தூரம். தேனி ஆய்வாளர்களைப் படுத்திய அமைப்பு இதுதான். வைஃபையில் ஒரு முனை ஒரு துண்டுத் தகவல் அனுப்பினால், "கிடைச்சுது" என்று மறுமுனை பதில் சொல்லணும். பதில் குறித்த நேரத்தில் வராவிட்டால், போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். அறைக்குள் போய்வர நேரமே ஆகாது. 2 கிலோமீட்டர் போய்வர சுமார் 13 மைக்ரோ விநாடி. 15 கிலோமீட்டர் ஆண்டிபட்டி இணைப்புக்கு 100. அறைக்கான கணக்கில் காத்திருக்கும் கருவி, பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே திரும்ப அனுப்பும். சிக்னல் நன்றாக இருக்கும், வேகம் மட்டும் நொண்டும்.

அதனால் "டிஸ்டன்ஸ்" என்ற இடத்தில் உண்மையான தூரத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க. 2 கிலோமீட்டருக்கு 2.5. சில கருவிகளில் "தானியங்கி" இருக்கும், அதுவும் சரிதான். தேனியில் ஆய்வாளர்கள் மென்பொருளையே மாற்றி, இரு முனையும் முறை வைத்துப் பேசும்படி செய்தார்கள். அந்த யோசனை இன்று யுபிக்விட்டியில் ஏர்மேக்ஸ், டிபி-லிங்கில் மேக்ஸ்ட்ரீம், மைக்ரோடிக்கில் என்வி2 என்ற பெயர்களில் கிடைக்கிறது. இரண்டு முனையும் ஒரே கம்பெனி என்றால் அதை இயக்கலாம். இரண்டும் வேறு வேறு கம்பெனி என்றால் வேண்டாம்.

முகவரி மாதிரி ஒன்று

வீட்டு ரவுட்டர் 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். வீட்டு ரேடியோவுக்கு 192.168.1.20, தோட்டத்து ரேடியோவுக்கு 192.168.1.21. தோட்டத்தில் போன்களுக்கு வைஃபை தர ஒரு சாதாரண ரவுட்டர் வைப்பீங்க அல்லவா, அதற்கு 192.168.1.22. அந்த ரவுட்டரில் "டிஹெச்சிபி" என்பதை நிறுத்திவிட்டு, கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்க. முகவரி கொடுக்கும் வேலையை வீட்டு ரவுட்டர் மட்டும் பார்க்கட்டும். இரண்டு பேர் டோக்கன் கொடுத்தால் வரிசை குழம்பும். வீட்டு ரவுட்டர் கொடுக்கும் எண்களை 100-லிருந்து தொடங்கும்படி வைத்தால், நாம் ஒதுக்கிய 20, 21, 22 யாருக்கும் போகாது.

மேஜை மேலேயே இரண்டும் சேர்ந்து, தோட்டத்து ரவுட்டர் வழியாகப் போனில் இணையம் ஓடினால், மென்பொருள் வேலை முடிந்தது. சோதனைக்காகக் குறைத்த சக்தியைத் திரும்ப ஏற்றிவிட்டு மாடிக்குக் கிளம்புங்க.

திருப்புவதும் அளப்பதும்

கம்பத்துக்கு ஜிஐ பைப், இரண்டு கிளாம்ப். ரேடியோவைப் படத்தில் காட்டியபடி நிமிர்த்தி மாட்டுங்க. ஒன்று நிமிர்ந்தும் ஒன்று படுத்தும் இருக்கக் கூடாது. கேபிள் நுழையும் பக்கம் கீழே இருக்கணும். வெயிலுக்குத் தாங்கும் வெளிப்புற கேட்-6 கேபிளைப் போடுங்க. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பிறகு ஆளுக்கு ஒரு முனை. ஒருவர் போனில் சிக்னல் எண்ணைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் மெல்லத் திருப்பணும். ஒரு முனையை முடித்துவிட்டு அடுத்த முனை. ஒவ்வொரு திருப்பலுக்கும் ஐந்து விநாடி பொறுங்க. எண் ஏறும், இறங்கும். இரண்டு பக்கமும் இறங்கும் இடத்தைக் கண்டு, நடுவில் நிறுத்துங்க.

எண் மைனஸில் இருக்கும். −60 என்பது −70-ஐ விட நல்லது. எவ்வளவு வரணும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போடலாம். 2 கிலோமீட்டர் காற்றுவெளியில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 114 டெசிபெல் இழக்கும். அனுப்பும் சக்தி 20, இரண்டு ஆன்டெனாவும் 13. ஆக 20 + 13 − 114 + 13 = −68. தூரம் பாதியானால் 6 கூடி −62 வரும். இரட்டிப்பானால் 6 குறைந்து −74.

இந்தச் சின்னக் கணக்கு ஒரு நல்ல காவலாளி. கணக்கு −68 சொல்லும்போது திரையில் −70 வந்தால் திருப்தி. −80 வந்தால் எதையோ விட்டிருக்கிறோம். வழியில் மரம், தவறான திசை, சரியாகக் கடிக்காத கேபிள் முனை, இவற்றில் ஒன்று. எண் −75-க்குக் கீழே போனால் இணைப்பு தடுமாற ஆரம்பிக்கும்.

கரண்டும் காற்றும்

தேனி வலைப்பின்னலில் வந்த பழுதுகளில் மிகப் பெரும்பாலானவை மின்சாரத்தின் தரத்தால் வந்தவை என்று அந்தக் கட்டுரை சொன்னது. தோட்டத்துப் பக்கம் மோட்டார்கள் ஓடி நிற்கும்போது மின்னழுத்தம் எகிறும், படுக்கும். ரேடியோவும் தோட்டத்து ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் அளவுதான் எடுக்கும். ஒரு நாளைக்கு 0.36 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு சுமார் 22 யூனிட். இவ்வளவு சின்னச் சுமைக்கு ஒரு சிறு யுபிஎஸ் வைப்பது பெரிய செலவில்லை. ரவுட்டர்களுக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்கினால், உங்கள் பிஓஇ அடாப்டரின் வோல்ட் அதில் கிடைக்கிறதா என்று பாருங்க. விவசாய இலவச மின்இணைப்பு பம்புசெட்டுக்கு மட்டுமே. ரேடியோவை வீட்டு இணைப்பிலோ சூரிய மின்பலகையிலோ ஓட்டுங்க.

இடிக்குப் பைப்பையும், கேபிளில் போடும் சர்ஜ் தடுப்பானையும் எர்த் பண்ணணும். இதை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்க. மின்கம்பி பக்கத்தில் போகும் கூரையில் நீளமான இரும்புப் பைப்பை நிமிர்த்தாதீங்க. இடி முழங்கும்போது மாடிக்குப் போகாதீங்க. ரேடியோ போனால் வாங்கிக்கொள்ளலாம்.

மழை வந்தால் சிக்னல் போய்விடுமா என்று கேட்பார்கள். 2 கிலோமீட்டரில் மழைத்துளியால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு வரும் இழப்பு அற்பம். நனைந்த இலையும், காற்றில் திரும்பிய ஆன்டெனாவும்தான் எதிரி. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றுக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை கிளாம்ப்பை இறுக்கிப் பாருங்க.

தடுமாறினால் எங்கே பார்ப்பது?

சிக்னல் நன்றாக இருக்கிறது, வேகம் இல்லை என்றால் தூர அமைப்பையும் சேனல் நெரிசலையும் பாருங்க. இரண்டும் சேரவே இல்லை என்றால் பெயர், கடவுச்சொல், வேலை முறை மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்க. சேர்ந்திருக்கிறது, இணையம் மட்டும் இல்லை என்றால் தோட்டத்து ரவுட்டரின் டிஹெச்சிபி ஓடுகிறதா என்று பாருங்க. முன்பு −68 இருந்த இடத்தில் இப்போது −78 என்றால் ஆன்டெனா திரும்பியிருக்கிறது, இல்லாவிட்டால் தென்னை வளர்ந்திருக்கிறது. ரேடியோ தானாக அணைந்து எரிந்தால் அடாப்டரையும் கேபிள் முனையையும் சோதியுங்க.

இதற்கெல்லாம் ஒரு தாள் உதவும். மாட்டிய நாள், இரண்டு ரேடியோவின் முகவரி, சேனல், அகலம், சக்தி, தூரம், அன்றைய சிக்னல் எண் ஆகியவற்றை எழுதி அடாப்டர் இருக்கும் பெட்டிக்குள் ஒட்டுங்க. கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுத வேண்டாம், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைங்க. நீங்கள் ஊரில் இல்லாத நாளில் இணைப்பு நின்றால், அந்தத் தாளைப் பார்த்து வீட்டில் யார் வேண்டுமானாலும் சரிசெய்ய முடியும்.

வைஃபை காலிங் வசதி உள்ள போனாக இருந்தால், இந்த இணைப்பு வழியாக அழைப்புகளும் தோட்டத்துக்கு வரும். போன் அமைப்பில் அதை இயக்கிவிடுங்க. பிறகு சிட்டாவோ சான்றிதழோ, விண்ணப்பித்துவிட்டு அதன் நிலையைப் பார்க்க ஊருக்குள் வண்டி எடுக்க வேண்டியதில்லை. பந்தல் நிழலில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம்.